தேய்ந்தது ஒரு பக்கம், குற்றம் எந்தப் பக்கம்?



சுவர் இதழுக்குக் கட்டுரை கேட்டபோது மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று எல்லாரும் தலைப்பு கொடுத்துவிட்டார்கள். நான் "கார் பிரேக்" என்று சொன்னேன். வகுப்பில் பசங்க சிரித்தார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் பிரேக்கு?" என்று ஒருத்தன் கேட்டான். அவனும் தினமும் பஸ்ஸில்தான் வர்றான். அந்த பஸ் வளைவில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் சிரிப்பு வராது.

எங்கள் வீட்டில் இரண்டு வாரம் சிரிப்பே இல்லை. அதற்குக் காரணம் ஒரு பிரேக். அது ஏன் கெட்டது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா கார் டிரைவர். சொந்தக் கார் இல்லை. டவுனில் ஒரு முதலாளியின் காரை ஓட்டுகிறார். அது இருபது வருஷம் ஆன கார். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள பெரிய கார். எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம் என்று உங்களுக்கே தெரியும். காரவள்ளியில் இருந்து மேலே ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதலாளி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அப்பா மலைக்குப் போய்விட்டு இறங்கி வந்தார். பாதி வழியில் ஏதோ கருகும் வாசனை. வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால் பின்னாடி இடது சக்கரத்தில் புகை.

வண்டியை ரொம்ப நேரம் ஆற விட்டு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மெதுவாக இறக்கி எல்லாரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஆனால் கீழே வந்ததும் முதலாளி சொன்ன வார்த்தை இது: "நாலு மாசம் முன்னாடிதான் புதுப் பேட் போட்டோம். நீ ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே ஓட்டியிருக்கே. செலவை உன் சம்பளத்துலதான் புடிப்பேன்."

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு, "பதினெட்டு வருஷமா ஓட்டறேன். ஹேண்ட் பிரேக் எடுக்காம ஓட்டுவனா?" என்று மட்டும் சொன்னார். பணம் போவதை விட அந்தப் பேச்சுதான் அவருக்கு வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு என் தாய்மாமாவின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். நானும் போனேன். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் அல்லவா!

டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

முதலில் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை அழுத்தினால் ரிம்முக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும். விட்டதும் இரண்டும் விலக வேண்டும். சில சைக்கிளில் ஒரு கட்டை மட்டும் விலகாமல் "சர் சர்" என்று உரசிக்கொண்டே வரும். மிதிக்கவே முடியாது. அந்தப் பக்கத்து ரப்பர் மட்டும் சீக்கிரம் தேயும். எங்கள் காருக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கிறது.

காரில் ரிம்முக்குப் பதிலாக ஒரு இரும்பு வட்டத் தட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதுதான் டிஸ்க். ரப்பர் கட்டைக்குப் பதிலாக இரண்டு பேட்கள். டிஸ்கின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டு பேடையும் கவ்விக்கொண்டு நண்டுப் பிடி மாதிரி உட்கார்ந்திருப்பது காலிப்பர்.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. நம் அறிவியல் புத்தகத்தில் பாய்மங்கள் பாடத்தில் பாஸ்கல் விதி இருக்கிறதே, அதுதான். மூடிய இடத்தில் உள்ள திரவத்தில் ஒரு இடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும். கால் அழுத்தும் பக்கத்தில் பிஸ்டன் பரப்பு 3 சதுர செ.மீ., சக்கரத்துப் பக்கம் 12 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விசை நாலு மடங்காகிறது. பாஸ்கல் பிரெஞ்சு நாட்டுக்காரர். 1623ல் பிறந்து 1662ல் இறந்தார். அவர் காலத்தில் கார் இல்லை. ஆனால் இன்றைக்கு நம்மை நிறுத்துவது அவர் விதிதான்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். இந்த மாதிரிக் காலிப்பரில் பிஸ்டன் ஒரே பக்கம்தான், அதாவது உள்பக்கம்தான் இருக்கிறது. அப்படியானால் வெளிப்பக்கத்துப் பேடை யார் தள்ளுவது?

ஒரு நோட்டைச் செங்குத்தாக நிறுத்தி, வலது கையின் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமும் இருக்கும்படி பிடியுங்கள். கட்டைவிரலை மட்டும் அழுத்துங்கள். கட்டைவிரல் நோட்டைத் தொட்டதும் கை முழுவதும் பின்னால் நகர்ந்து மற்ற விரல்களும் நோட்டை அழுத்தும். கட்டைவிரல்தான் பிஸ்டன். கை நகர்வதுதான் காலிப்பர் நகர்வது. காலிப்பர் இப்படி வழுக்கி நகர்வதற்காகவே இரண்டு கம்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு கைடு பின் என்று பெயர். விரல் நீளம்கூட இருக்காது. ரப்பர் உறைக்குள் கிரீஸோடு ஒளிந்திருக்கும். வெளியே தெரியவே தெரியாது.

பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போது பிஸ்டனை ஒரு மயிரிழை அளவு பின்னால் இழுக்கும். காலிப்பரும் பின் மேல் வழுக்கித் தளரும். அவ்வளவுதான். டிஸ்க் சுதந்திரமாகச் சுற்றும்.

எங்கள் கார் மாதிரி சில கார்களில் ஹேண்ட் பிரேக் கேபிளும் பின்சக்கரத்தின் காலிப்பரில்தான் வந்து சேர்கிறது. கேபிள் ஒரு சின்ன லீவரை இழுக்கும். லீவர் பிஸ்டனைத் தள்ளும். வேறு சில கார்களில் டிஸ்க்குக்குள்ளேயே ஹேண்ட் பிரேக்குக்காகத் தனியாக ஒரு சின்ன டிரம் இருக்கும். அந்தக் கார்களில் ஹேண்ட் பிரேக்கால் பேட் தேயாது. எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரசினால் என்ன, தேயட்டுமே?

அப்படி விட முடியாது. உராய்வு என்றால் வெப்பம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1300 கிலோ கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். ஒரு தடவை நிறுத்தினால் அவ்வளவும் வெப்பமாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 73 டிகிரி வரை சூடாக்க அது போதும்.

மலை இறக்கத்தில் இன்னும் அதிகம். 1000 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதே கார் இழக்கும் நிலை ஆற்றல் 1 கோடியே 27 லட்சம் ஜூல். 43 லிட்டர் தண்ணீரை, அதாவது ஏறக்குறைய மூன்று குடம் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குக் கொண்டுவரும் வெப்பம் இது! சின்ன கியரில் இறங்கினால் இதில் ஒரு பகுதியை இஞ்சின் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் அப்பா எப்போதும் "எந்த கியர்ல ஏறறமோ அதே கியர்ல எறங்கணும்" என்பார்.

ஏற்கனவே ஒரு சக்கரத்தில் பேட் விலகாமல் உரசிக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரத்தின் சூடு ஆறவே ஆறாது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். அந்தச் சூட்டைத் தாண்டி ஆயில் கொதித்தால் உள்ளே நீராவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அப்புறம் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. 70 வளைவு உள்ள ரோட்டில் இதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அன்றைக்கு அப்பா வாசனை வந்தவுடன் நிறுத்தினாரே, அதுதான் எல்லாரையும் காப்பாற்றியது.

தேய்மானத்தைப் படிப்பது

மாமா காரை வாங்கிய உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "கண்ணு, தேஞ்சதை மாத்தறது பெரிய வேலை இல்ல. தேய வெச்சது எதுன்னு கண்டுபுடிக்கறதுதான் வேலை" என்றார். பேட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடுமாம். அவர் சொன்னதை நான் இப்படி எழுதி வைத்துக்கொண்டேன்.

1. பின்சக்கரம் இரண்டிலும் எல்லாப் பேடும் ஒரே அளவாக, ஆனால் சீக்கிரமாகத் தேய்ந்தால்: ஹேண்ட் பிரேக் இறுக்கமாக வைத்திருக்கலாம், ஹேண்ட் பிரேக் இறக்காமல் ஓட்டியிருக்கலாம், அல்லது அதிகச் சுமை, மலை ஓட்டம். பழைய கார்களில் பொதுவாக முன்பக்கப் பேட்தான் முதலில் தேயும். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன்பக்கத்துக்குத்தான் வேலை அதிகம். பின்பக்கம் முந்திக்கொண்டு தேய்ந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

2. ஒரு சக்கரத்தில் மட்டும் இரண்டு பேடும் தேய்ந்தால்: அந்தப் பக்கத்து கேபிளோ லீவரோ திரும்பாமல் நிற்கலாம். அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

3. ஒரே சக்கரத்தில் உள் பேட் அதிகமாகவும் வெளிப் பேட் குறைவாகவும் தேய்ந்தால்: கைடு பின் ஜாம் ஆகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் திரும்பாமல் இருக்கலாம்.

4. வெளிப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்தால்: அழுத்தியபின் காலிப்பர் வழுக்கித் தளரவில்லை, அல்லது வெளிப் பேட் தன் இடத்தில் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது.

5. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரித் தேய்ந்தால்: இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பேட் கோணலாக உட்கார்ந்திருக்கலாம்.

6. ஒரு பக்க டிஸ்க் பளபளப்பாகவும் மறுபக்க டிஸ்க் துருவாகவும் இருந்தால்: ரொம்ப ஜாக்கிரதை! தேய்ந்த பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. துருப்பிடித்த பக்கம்தான் வேலையே செய்யவில்லை. சோம்பேறியின் வேலையையும் சேர்த்துச் செய்ததால்தான் மற்றது தேய்ந்தது.

ஆறாவதைக் கேட்டதும் நான் அசந்துவிட்டேன். தேய்ந்ததையே குற்றவாளி என்று நினைப்போம். சில சமயம் அது பாவம், உழைத்த பக்கம்.

பட்டறையில் நாங்கள் கண்டுபிடித்த விதம்

முதல் சோதனை சூடு. மாமா காரைச் சமதளமான ரோட்டில் கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு வந்தார். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனோம். தொடக்கூடாது, பக்கத்தில்தான். பின்னாடி இடது மட்டும் அடுப்புப் பக்கம் மாதிரி அனல் அடித்தது. பிரேக் போடாமலே சூடு என்றால் அது உரசிக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். ஆகவே ஆறாவது காரணம் இல்லை.

சூடு ஆறியபின் ஜாக்கி. எங்கள் கார் முன்சக்கரத்தால் ஓடும் கார். அதனால் முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே தலையை விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து பெடலை மிதித்து விடச் சொன்னார். பிறகு சக்கரத்தைச் சுற்றினார். வலது லேசாக உரசிச் சுற்றியது. இடது அசையவே கஷ்டப்பட்டது.

சக்கரத்தைக் கழற்றினார்கள். இனி ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கணக்கில் விடை தெரியாத போது தப்பான விடைகளை அடித்துக்கொண்டே வருவோமே, அது மாதிரி.

ஹேண்ட் பிரேக்கா? காலிப்பரில் இருந்து கேபிளைக் கழற்றினார். லீவர் தன் இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பி நின்றிருந்தது. இடது டிஸ்க் இன்னும் இறுக்கம்தான். ஆகவே ஹேண்ட் பிரேக் இல்லை. அப்பா இதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மாமா, "இருங்க மச்சான், இன்னும் முடியல" என்றார்.

ஹோஸா? காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் இருக்கிறது. அதில் ஒரு டியூபை மாட்டி பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். ஹோஸ் அடைத்து ஆயில் மாட்டிக்கொண்டிருந்தால் இப்போது ஆயில் பீய்ச்சி வரும், டிஸ்க் உடனே தளரும். துளித்துளியாகத்தான் வந்தது. டிஸ்க் தளரவில்லை. ஆகவே ஹோஸ் இல்லை.

கைடு பின்னா? வலது காலிப்பரைக் கையால் பிடித்து ஆட்டினார். கொஞ்சம் வழுக்கி நகர்ந்தது. இடது காலிப்பரைப் பிடித்து ஆட்டினார். மலை மாதிரி நின்றது.

காலிப்பரைக் கழற்ற அரைமணி நேரம் ஆனது. கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டினார். தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியுமாம். மேல் பின் எளிதாக வந்தது. கீழ் பின் வரவில்லை. எண்ணெய் அடித்து, திருகித் திருகி இழுத்தபோது செங்கல் நிறத்தில் துருவோடு வந்தது. அதன் ரப்பர் உறையில் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியாகத் தண்ணீரும் மண்ணும் போய், கிரீஸ் காய்ந்து, துருப்பிடித்து இறுகிவிட்டது. பெடலை அழுத்தும்போது காலிப்பர் சிரமப்பட்டு நகரும். விட்டால் திரும்பாமல் அங்கேயே நிற்கும்.

கடைசியாக பிஸ்டனையும் விடவில்லை. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டனைச் சும்மா அழுத்தினால் உள்ளே போகாது. திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். தெரியாமல் சி கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் ஹேண்ட் பிரேக் அமைப்பு உடைந்துவிடும். திருகியதும் சீராக உள்ளே போனது. பிஸ்டன் நல்லது.

நாலு பேடையும் எடுத்து ஒரு பழைய பேப்பரில் வரிசையாக வைத்தோம். பின்பக்கத் தகட்டைச் சேர்க்காமல் தேயும் பகுதியை மட்டும் ஸ்கேலால் அளந்தேன். வலது உள் 9 மி.மீ., வலது வெளி 9 மி.மீ., இடது வெளி 8 மி.மீ., இடது உள் பூஜ்யம். இரும்புத் தகடே டிஸ்கை அறுத்திருக்கிறது. டிஸ்கின் உள்முகத்தில் உழவுச்சால் மாதிரி கோடுகள். வெளிமுகம் மட்டும் பளபளப்பு. வெளியில் இருந்து பார்த்த யாருக்கும் இது தெரிந்திருக்காது.

டிஸ்க் தடிமனை நான் வெர்னியர் அளவியால் அளக்கலாம் என்றேன். மாமா சிரித்தார். டிஸ்க் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று உயர்ந்து நிற்கும். வெர்னியரின் தாடை அந்த விளிம்பில் உட்கார்ந்துவிடும், அதிகமாகக் காட்டும். திருகு அளவிதான் சரி. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். எங்கள் டிஸ்க்கில் 7 மி.மீ. என்று இருந்தது. திருகு அளவி 6.8 காட்டியது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. "மாமா, அப்பா ஹேண்ட் பிரேக் போட்டுட்டே ஓட்டியிருந்தா ரெண்டு சக்கரமும்தானே தேஞ்சிருக்கணும்? உள்ளயும் வெளியயும் ஒண்ணாத்தானே தேஞ்சிருக்கணும்?" என்று கேட்டேன். மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அதையே ஒரு காகிதத்துல எழுதிக் குடு கண்ணு" என்றார்.

சரி செய்த விதம்

புது பின், புது ரப்பர் உறை இரண்டு பக்கமும் போட்டார். பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடக்கூடாது. அது ரப்பரை வீங்க வைத்து மறுபடியும் இறுக்கும். பிரேக்குக்கு என்றே உள்ள கிரீஸ்தான் போட வேண்டும். பேட் உட்காரும் இடத்துத் துருவைத் தேய்த்து எடுத்தார். பேடும் டிஸ்க்கும் எப்போதும் இடது வலது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய ஆயிலை எடுத்துப் புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்தார். ஹேண்ட் பிரேக்கைக் கடைசியாகத்தான் சரி செய்தார்.

பேட் தூளை நான் ஊதப் போனபோது திட்டினார். பழைய காலப் பேட்களில் கல்நார் சேர்த்திருந்தார்கள். அது நுரையீரலைக் கெடுக்கும். எந்தப் பேடாக இருந்தாலும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

நாலு மாதம் முன்பு வேறொரு பட்டறையில் பேட் மாற்றியபோதே பின்னை வெளியே எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு ரப்பர் உறையோடும் கொஞ்சம் கிரீஸோடும் முடிந்திருக்கும். அவர்கள் தேய்ந்ததை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேட் புதிது, நோய் பழையது. அதனால் புதிதும் தேய்ந்தது.

முதலாளி வீட்டில்

சாயங்காலம் அப்பா காரை விடப் போனபோது நானும் போனேன். நாலு பேடையும் அந்தப் பேப்பரோடு கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்றும் அளவையும் எழுதியிருந்தேன். துருப்பிடித்த பின்னையும் வைத்தோம்.

அப்பா ஒன்றும் வாதாடவில்லை. "ஐயா, இதைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இந்த மூணும் நல்லா இருக்குதே?" என்றார். நான், "ஆமாங்க ஐயா, ஹேண்ட் பிரேக்னா நாலும் தேஞ்சிருக்குமுங்க" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்கே தெரிந்தது.

அவர் ரொம்ப நேரம் அந்தப் பின்னைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் "எழுதினது யாரு?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். "செலவுக் கணக்கைக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு எதுவும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் முழுசாக வந்தது. அன்றைக்கு ராத்திரி அப்பா இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நாம் கவனிக்க வேண்டியவை

உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கும், கோயிலுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வாடகை வண்டியில் போகிறோம். இவற்றை யாரும் கவனிக்கலாம்.

· ஓடும்போது கருகும் வாசனை வந்தால் கூச்சப்படாமல் டிரைவரிடம் சொல்லுங்கள்.
· வண்டி நின்றபின் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.
· ஒரு பின்சக்கரத்து ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிந்திருந்தால் அதுவும் ஒரு அடையாளம்.
· பேடின் தேயும் பகுதி 3 மி.மீ. ஆகும்போதே மாற்றிவிட வேண்டும். வெளிப் பேடை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லக்கூடாது. உள் பேடையும் பார்க்க வேண்டும்.
· பேட் மாற்றும் போதெல்லாம் "பின்னை எடுத்துப் பார்த்தீங்களா, கிரீஸ் வெச்சீங்களா?" என்று கேளுங்கள்.
· இதெல்லாம் படித்துவிட்டு நீங்களே கழற்றாதீர்கள். பிரேக் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். நான்கூட விளக்குத்தான் பிடித்தேன்.

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் மருந்து. நோய் என்ன என்று பார்த்து, அது எதனால் வந்தது என்று தேடி, பிறகுதான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார். தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். மாமா பட்டறையில்தான் அர்த்தம் புரிந்தது.

ஒன்று தேய்ந்திருந்தால் அதன் மேலேயே பழி போட்டுவிடுவது சுலபம். பேட் மேல் போட்டார்கள், அப்புறம் என் அப்பா மேல் போட்டார்கள். உண்மையான காரணம் ஒரு ரப்பர் உறையின் கிழிசலுக்குள் ஒளிந்திருந்தது. அளந்து பார்க்காமல் யாரையும் குறை சொல்லாமல் இருப்போம்.

சிரித்த பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு வரும்போது உங்கள் சைக்கிள் பிரேக் கட்டை இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று சேர்ந்து கண்டுபிடிக்கலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி